விதிகளுக்கும் வயது உண்டு: நிலக்காட்சிப் படக்கலை கடந்து வந்த வழி

நிலக்காட்சிப் படம் எடுக்கப் பழகுகிறவருக்கு எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே பாடம்தான் கிடைக்கிறது. டிரைபாட் இல்லாமல் கிளம்பாதே. விடியலில் போ அல்லது அந்தியில் போ. உச்சிவெயிலில் கேமராவைத் திறக்காதே. வானம் வெளுத்துவிடாமல் பார்த்துக்கொள். லென்ஸின் துளையான அபெர்ச்சரைச் சுருக்கி, காலடிக் கல் முதல் தூரத்து மலை வரை கூர்மையாக வரும்படி எடு. தொடுவானத்தைப் படத்தின் நடுவில் வைக்காதே. ஆட்கள் விலகும்வரை காத்திரு. இவை யாவும் அழகின் நிரந்தர இலக்கணம் போலச் சொல்லப்படுகின்றன. புதியவரும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்கிறார். ஆனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் படக்கலை வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. இவற்றில் பெரும்பாலானவை, அந்தந்தக் காலத்துக் கருவியும் ரசாயனமும் போட்ட முட்டுக்கட்டையைத் தாண்டுவதற்காகத் தொழில்காரர்கள் கண்டுபிடித்த வழிகள். முட்டுக்கட்டை போன பிறகும் வழி மட்டும் விதியாக நின்றுவிட்டது. எந்த விதி எந்தச் சிக்கலுக்குப் பிறந்தது என்று தெரிந்தவரே அதை எங்கே பிடிக்கலாம், எங்கே விடலாம் என்று தீர்மானிக்க முடியும். ஆகவே நிலக்காட்சிப் படக்கலையின் வரலாறுதான் அதன் முதல் பாடம் என்பது என் வாதம்.

முதல் முட்டுக்கட்டை நேரம். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் ஆகப் பழைய கேமராப் படமே ஒரு வெளிப்புறக் காட்சிதான். பிரான்ஸில் நிசெஃபோர் நியெப்ஸ் 1827 வாக்கில் தம் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. தார் பூசிய உலோகத் தகட்டில் அது பதிவதற்குக் குறைந்தது எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகர்ந்துவிட்டதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. 1838இல் டாகேர் எடுத்த பாரிஸ் தெருப்படத்தில் வண்டிகளும் மக்களும் இல்லை. நின்ற இடத்தில் நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தெரிகிறார். நடந்தவர்கள் எல்லாரும் தகட்டில் தங்காமல் கரைந்துபோனார்கள். படம் பதிய நிமிடக்கணக்கில் ஆகிற காலத்தில் கேமராவைக் கையில் பிடித்து எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. டிரைபாட் என்னும் முக்காலி இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. அசையாத பொருளைத் தேடிப்போவதும் அப்போது பிறந்த பழக்கமே. மலையும் கோபுரமும் கோட்டையும் அசையாமல் நிற்கும். அதனால் அவை ஆரம்பகாலப் படக்காரர்களுக்கு உகந்த பொருளாயின. காற்றில் ஆடும் மரமும் ஓடும் ஆறும் அவர்களுக்குத் தீராத தலைவலி.

தமிழ்நாட்டு நிலம் கேமராவுக்குள் வந்த கதையிலும் இதைக் காணலாம். சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், 1855இல் பர்மா சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவுடன் போய்ப் படம் எடுத்துப் பெயர் பெற்றவர். அதன்பின் சென்னை மாகாண அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் படக்காரராக நியமித்தது. 1857ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அவர் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, ராயக்கோட்டை என்று சுற்றினார். அந்தப் படங்கள் 1858இல் ஊர்வாரியான தொகுப்புகளாக வெளிவந்தன. கோயிலும் அரண்மனையும் அவற்றில் அதிகம் என்றாலும், வைகையின் குறுக்கே போன தரைப்பாலத்தோடு மதுரையைப் பார்க்கும் காட்சியும், யானைமலையும், திருச்சி மலைக்கோட்டையும் உண்டு. மெழுகு ஊட்டிய பெரிய காகித நெகட்டிவ்களையே அவர் பெரிதும் நம்பினார். அதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. அப்போது பரவிவந்த ஈரக் கண்ணாடித் தகட்டுக்கு மருந்து பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் உலர்ந்துவிடும். மெழுகுக் காகிதத்தையோ முன்கூட்டியே தயாரித்து எடுத்துப்போகலாம், பிறகு நிதானமாகக் கழுவலாம். ஆனால் அது மந்தமான ஊடகம். நெடுநேரம் ஒளி காட்ட வேண்டும். டிரைப்பின் மதுரையும் தஞ்சையும் பெரும்பாலும் ஆளற்ற ஊர்களாகத் தெரிவதற்கு அந்த மந்தமும் ஒரு காரணம்.

இரண்டாவது முட்டுக்கட்டை வானம். அந்தக் கால வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவுக்கும் மட்டுமே சட்டென்று இணங்கின. பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய காணவே இல்லை. ஆகவே தரையில் இருக்கும் மரமும் மண்ணும் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் மேகத்தின் சுவடே இல்லாத வெள்ளைப் பரப்பாக நின்றது. இந்த வெறுமையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள். டிரைப் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இலைக்கொத்துகளையும் அப்படியே தொட்டுத் திருத்தினார். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடல் காட்சிகளை எடுத்தபோது, சிலவற்றில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்களைத் தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே பிரிண்டாக்கினார். பார்த்தவர்கள் வியந்தார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், படம் பதியும்போதே வானத்துப் பகுதியை மட்டும் மறைத்து ஒளியைக் குறைக்கும் தடுப்பு ஒன்றைச் செய்து 1869இல் அதைப் பற்றி எழுதினார். இன்று கடைகளில் விற்கும், மேல்பாதி கறுத்துக் கீழ்ப்பாதி தெளிந்த ஃபில்டர் மைபிரிட்ஜின் தடுப்புக்கு நேர் வாரிசு. பல எக்ஸ்போஷர்களை ஒன்றாக்கி மொபைல் போன் தரும் படத்துக்கு மூதாதை லெ கிரே. வானத்தைக் கவனி என்று இன்று சொல்லப்படும் அறிவுரைக்குப் பின்னால், நீலத்தை மட்டுமே கண்ட ரசாயனத்தோடு மல்லுக்கட்டிய ஒரு தலைமுறை இருக்கிறது.

மூன்றாவது, சுமை. 1851இல் ஆங்கிலேயரான ஃப்ரெட்ரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில் படம் காகித நெகட்டிவைவிடப் பல மடங்கு தெளிவாக வந்தது. ஆனால் ஈரத் தகடு காயும் முன்னே எல்லாம் முடிய வேண்டும் என்பதால், படக்காரர் போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் கூடவே போக வேண்டியிருந்தது. தவிர, பெரிதாக்கும் வசதி எளிதில் கிட்டாத காலம். பெரிய படம் வேண்டுமென்றால் தகடும் அந்த அளவே இருக்க வேண்டும். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குச் சுமார் 18க்கு 22 அங்குலத் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிப் போனார். ஆங்கிலேயரான சாமுவேல் போர்ன் 1863 முதல் 1866 வரை மூன்று முறை இமயமலைக்குள் சுமைகூலிகளின் படையோடு போய், கடைசிப் பயணத்தில் 18,600 அடி உயர மணிரங் கணவாயில் படமெடுத்தார். அவ்வளவு உயரத்தில் அதற்குமுன் எவரும் படமெடுத்ததில்லை. ஒரு தகடு வீணானால் எத்தனை பேருடைய உழைப்பு வீணாகும் என்று தெரிந்தவர்கள் இவர்கள். நிற்கும் இடத்தை முதலில் தேர்ந்துகொண்டு, ஒளி வரும்வரை காத்திருந்து, பிறகே தகட்டை நனைத்தார்கள். குறைவாக எடு, யோசித்து எடு என்று நாம் ஞானமாகச் சொல்வது இவர்களுக்கு வேறு வழியில்லாத நிலை.

நான்காவது, லென்ஸ். 1840இல் யோசெஃப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸ் நிறைய ஒளியை உள்ளே விட்டது. முகப்படம் எடுப்பதற்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதன் கூர்மை நடுவில் மட்டும்தான், ஓரங்கள் கலங்கிவிடும். நிலக்காட்சிக்கோ நான்கு ஓரமும் தெளிய வேண்டும். ஆகவே, சிறிய துளை வழியாகக் கொஞ்சமே ஒளி விடும் எளிமையான லென்ஸ் ஒன்று நிலக்காட்சி லென்ஸ் என்ற பெயரிலேயே தனியாக விற்பனையானது. துளை சிறுத்தால் ஆழக் கூர்மை கூடும், ஒளி காட்டும் நேரமும் நீளும். நேரம் நீண்டால் மறுபடி முக்காலி. 1932இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கூடித் தங்கள் குழுவுக்கு, லென்ஸின் மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எஃப்/64 என்று பெயரிட்டது இந்தப் பழக்கத்தைக் கொள்கையாகவே உயர்த்தியது. பெரிய ஃபிலிம் கேமராவில் எஃப்/64 நியாயமான அளவு. இன்றைய சிறிய சென்சார் கேமராவில் அவ்வளவு சுருக்கினால், ஒளி துளையின் விளிம்பில் சிதறி, கூர்மைக்குப் பதில் மங்கலே மிஞ்சும். எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். விதியின் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ரசாயனத்தின் நிறக்குருடு மெல்ல நீங்கியது. 1873இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோகல், தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையையும் பதியவைக்கலாம் என்று கண்டார். 1906இல் எல்லா நிறங்களையும் உணரும் பான்க்ரோமாட்டிக் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. இதன் பலன் என்ன என்பதை ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று யோசெமிட்டியில் காட்டினார். ஹாஃப் டோம் பாறைமுன் நின்றபோது அவரிடம் எஞ்சியிருந்தவை இரண்டே தகடுகள். முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். வானம் சாதாரணமாகவே வரும் என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாவதற்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். நீல வானம் ஏறக்குறைய கறுத்துப்போய், பாறை அதன்முன் எழுந்து நின்றது. டிரைப்புக்கு வெறும் வெள்ளையாகவே அமைந்த வானம், எழுபது ஆண்டு கழித்துப் படக்காரர் விரும்பிய அளவுக்குக் கறுப்பாகும் ஒன்றாகிவிட்டது. நெகட்டிவில் எந்த இடம் எவ்வளவு அடர்த்தியாக வர வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடும் ஸோன் முறையை 1940 வாக்கில் ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து ஆடம்ஸ் வகுத்தார். வானத்தைப் பதியவைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்த தொழில், அது எப்படிப் பதிய வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு அப்போது வந்து சேர்ந்தது.

விடியலும் அந்தியும்தான் நல்ல நேரம் என்ற விதியின் வயதைக் கேட்டால் பலர் வியக்கக்கூடும். தாழ்ந்த சூரியன் மேடுபள்ளங்களை நிழலால் எடுத்துக்காட்டும் என்பது பழைய படக்காரர்களும் அறிந்ததே. ஆனால் இன்று பொன்னொளி என்று நாம் கொண்டாடும் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம் அவர்களுடைய தகட்டில் மிக மெதுவாகத்தான் வேலை செய்தது. நிறமாகத் தெரிய வாய்ப்பே இல்லை. நிறம் பதிந்த பிறகுதான் அந்த வேளைக்கு இத்தனை மவுசு. 1907இல் லூமியர் சகோதரர்களின் ஆட்டோக்ரோம் தகடும், 1935இல் கோடாக்ரோம் ஃபிலிமும், 1990இல் நிறங்களை அழுத்திக் காட்டும் ஃபியூஜியின் வெல்வியாவும் வந்து ஒவ்வொரு படியாக அந்த ரசனையை வளர்த்தன. இந்த ஸ்லைடு ஃபிலிம்கள் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம்தான் தாங்கும். உச்சிவெயிலில் அவை திணறின. நண்பகலில் எடுக்காதே என்ற தடையில் ஒரு பங்கு அந்தத் திணறலைச் சேர்ந்தது. கறுப்பு வெள்ளையில் பாறை, மணல், கோயில் பிராகாரம் போன்றவற்றை எடுக்கிறவருக்கு உச்சிவெயிலின் கடுநிழல் பெரிய வளம்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு கலை வரலாற்றிலிருந்து வரும். இந்த விதிகளெல்லாம் கேமராவுக்கு முன்பே ஓவியரிடம் இருந்தவைதானே, கருவியையும் ரசாயனத்தையும் காரணம் காட்டுவது சரியா என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. படத்தை மூன்றாகப் பகுக்கும் விதியை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797இலேயே ஓவியர்களுக்காக எழுதிவைத்தார். காட்சிக்கு முன்புறம், நடு, பின்புறம் என்று அடுக்கு வேண்டும் என்பதும் வில்லியம் கில்பின் போன்றோர் பரப்பிய ரசனை. அந்த ரசனையோடு இமயத்துக்குப் போன போர்ன், தம் நாட்டு ஏரியும் மரமும் போன்ற அமைப்பு அங்கே கிடைக்கவில்லை, மலைகள் படத்துக்குள் அடங்கவில்லை என்று குறைப்பட்டு எழுதினார். ஆனால் ஓவியருக்கு மரம் இடைஞ்சலாக இருந்தால் அதை வரையாமல் விட்டுவிடலாம். படக்காரருக்கு அந்த வசதி இல்லை; அவர்தான் இடம் மாற வேண்டும். ஓவியத்தில் பொருளை அடுக்கும் விதியாக இருந்தது, கேமராவுக்கு வந்ததும் நிற்கும் இடத்தைத் தேடும் உழைப்பாக மாறியது. விதையை ஓவியம் தந்தது என்று ஒப்புக்கொள்ளலாம்; இன்று நாம் பின்பற்றும் வடிவத்தைத் தந்தது கருவிதான். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கைவிட நான்கடி இடப்புறம் நகர்ந்து பார் என்ற அறிவுரை புதியவருக்குக் கூடுதலாக உதவுவதும் இதனால்தான்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். சென்சாரும் மென்பொருளும் எல்லாத் தடைகளையும் நீக்கிவிட்டன. இனி விதியும் வேண்டாம், வரலாறும் வேண்டாம் என்பார்கள். ஆனால் தடைகள் நீங்கவில்லை, இடம் மாறியிருக்கின்றன. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் நிழலுக்கு ஒளி போதாமல் போனால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே அந்தக் காலத்தவர் நிழலை அளந்து எக்ஸ்போஷர் வைத்தார்கள். டிஜிட்டல் சென்சாரில் அளவு மீறி வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழலிலிருந்தோ நிறைய மீட்கலாம். ஆகவே இன்று வெளிச்சமான பகுதியைக் காப்பதே முதல் வேலை. பழைய விதி அப்படியே தலைகீழாகிவிட்டது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியவருக்குத் தோல்விதான். எந்தக் குறைக்காக அது வந்தது என்று அறிந்தவர் புதிய கருவியின் குறையைத் தேடிக் கண்டுபிடிப்பார். டிரைபாடும் இப்படித்தான். நடுக்கத்தைத் தடுக்கும் வசதி உள்ள கேமராவில் பகல் வெளிச்சத்தில் அது தேவையில்லாத சுமையாகிவிடும். அருவி நீரைப் பட்டுபோல வழியவிடவும், இரவு வானத்தை எடுக்கவும், பல எக்ஸ்போஷர்களைத் துல்லியமாகப் பொருத்தவும் இன்றைக்கும் அதுவே கதி.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. எடுத்தபின் வானத்தைக் கறுப்பாக்குவதும் நிழலைத் தூக்குவதும் பொய், அந்தக் காலத்தில் எல்லாம் உள்ளபடியே எடுத்தார்கள் என்பது பரவலான நம்பிக்கை. டிரைப்பின் மேகமும் லெ கிரேயின் இரட்டை நெகட்டிவும் அந்தப் பொற்காலம் இருந்ததே இல்லை என்று காட்டிவிடுகின்றன. ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டெஸ் ஊரில் எடுத்த நிலவுதயப் படத்தின் நெகட்டிவை 1948இல் மீண்டும் ரசாயனத்தில் இட்டு அதன் கீழ்ப்பகுதியை அடர்த்தியாக்கினார். பிற்காலப் பிரிண்டுகளில் வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். அதற்காக எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது. படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அதுதான் எல்லையை வகுக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை டிரைப் 21 நெகட்டிவ்களில் தொடர்ச்சியாக எடுத்து, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளப் படமாக ஒட்டினார். எழுத்தைப் படிக்கத் தரும் அந்தப் படத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அது மோசடி. வானத்தில் ஒரு மேகம் தீட்டியதால் யாரும் ஏமாறப்போவதில்லை. ஆவணமா, ரசனையா என்பதைப் படம் எடுக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்வது, எடிட்டிங் பற்றிய முடிவில்லாத சண்டையைவிடப் பயனுள்ளது.

விதிகளின் வயதை அறிவதில் தொழில்நுட்பத்தைத் தாண்டிய ஆதாயம் ஒன்றும் இருக்கிறது. ஆளில்லாத நிலமே தூய நிலம் என்ற ரசனையில், நடமாடும் மனிதரைப் பதிவு செய்ய முடியாத மந்தமான தகட்டுக்கும் பங்கு உண்டு. அந்த இயலாமை நாளடைவில் விருப்பமாக மாறியது. அது பழுதில்லாத ரசனை என்று சொல்வதற்கில்லை. வாட்கின்ஸும் ஆடம்ஸும் மனிதர் கால்படாத காடாகக் காட்டிய யோசெமிட்டியில் அவானீச்சி மக்கள் வாழ்ந்து வந்தார்கள்; 1851இல் ஆயுதப்படை புகுந்து அவர்களைத் துரத்தியது. வாட்கின்ஸின் படங்கள் வாஷிங்டன்வரை போய்ச் சேர்ந்த பிறகு, 1864இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகக் காக்கப்பட்ட நிலமாக்கியது. காட்டைக் காத்த படங்கள் அதன் மக்களை மறக்கவும் துணைபோயின. இன்று நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் படம் பதிகிறது. கரையில் துணி துவைப்பவரும், மேட்டில் ஆடு ஓட்டிப் போகிறவரும் விலகும்வரை காத்திருக்க எந்தக் கட்டாயமும் இல்லை. அவர்களைச் சேர்ப்பதும் விடுவதும் இப்போது படக்காரரின் முடிவு. ஆகவே அதற்குப் பொறுப்பும் அவருடையதே.

டிரைப்பின் பணி நீண்ட நாள் ஓடவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்ல்ஸ் டிரெவெல்யன் இதை அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்தச் சொன்னார். 1860க்குள் எல்லாம் முடிந்தது. அன்று ஓர் அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகாத வேலையைச் செய்யும் கருவி இன்று பலருடைய சட்டைப்பையில் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விதிகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொன்றையும் அது எந்தக் கருவியின் எந்தக் குறைக்காக வந்தது என்று கேளுங்கள். அந்தக் குறை உங்கள் கேமராவில் இருந்தால் விதியைக் கைக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மீறிப் பாருங்கள். உங்கள் ஊர்க் குன்றையோ கண்மாயையோ காலையில் ஒன்று, உச்சிவெயிலில் ஒன்று, ஆட்களோடு ஒன்று, ஆட்களில்லாமல் ஒன்று என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்த விதி உங்களுக்கு இன்னும் வேலை செய்கிறது என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும்.